எங்கே தவறியது என்று சொல்லிவிடுங்கள்

மேசைக்கணினிகளில் புளூடூத் திரையை எழுதும் நண்பர்களுக்கு,



போன மாதம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் கடைக்கு வந்தார். ஒரு தோளில் லேப்டாப், கையில் துணிப்பை. பைக்குள் பேரன் அனுப்பிவைத்த புளூடூத் கீபோர்டு, வந்த அட்டைப்பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது.

“தம்பி, நாலு நாளா மல்லுக்கட்டுறேன். நம்பர் காட்டுது. அதை எங்க போடுறதுன்னு தெரியல. கடைசியில தோல்வின்னு வருது. கீபோர்டு டூப்ளிகேட்டா இருக்குமோ?” என்றார்.

“வீட்ல எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்ங்க ஐயா” என்று உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டேன். திரையில் ஆறு இலக்க எண் வந்தது. அதன் கீழே, எண்ணை உள்ளிடவும் என்று ஒரே வரி. அவர் லேப்டாப்பின் விசைகளில் ஆறு இலக்கத்தையும் நிதானமாகத் தட்டினார். எங்கும் எதுவும் விழவில்லை. எண்ணைப் போடுவதற்கு ஒரு கட்டம் இருக்கும் என்று திரையெங்கும் அம்புக்குறியை நகர்த்தித் தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் எண் மறைந்தது. “அங்கீகாரம் தோல்வியடைந்தது.”

புதிய கீபோர்டில்தான் அந்த எண்ணை அடிக்க வேண்டும், அடித்த பிறகு என்டர் தட்ட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். சொன்னதும் அடுத்த தடவையே சேர்ந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு வாக்கியம் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். திரையில் இருந்த வாக்கியத்தை அவர் சரியாகத்தான் படித்தார். எதில் உள்ளிட வேண்டும் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

திண்டுக்கல்லில் பதினாறு வருடமாகக் கணினி பழுதுபார்க்கிறேன். லினக்ஸ் கேட்பவர்களுக்கு லினக்ஸ் போட்டுக்கொடுப்பேன். தேவைக்கு நிரலும் எழுதுவேன். புளூடூத் தகராறு என்று வருபவற்றில் கருவியே பழுதாகிப்போனது மிகக் குறைவு. பெரும்பாலானவை ஒரு நல்ல வாக்கியம் திரையில் இருந்திருந்தால் வீட்டிலேயே தீர்ந்திருக்கக்கூடியவை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சேர்க்கை ஏன் தவறியது என்பது பெரும்பாலும் கணினிக்குத் தெரியும். உங்கள் நிரலின் வாசல்வரை அந்தக் காரணம் வந்து நிற்கிறது. நீங்கள் அதை உள்ளே விடுவதில்லை.

லினக்ஸையே எடுத்துக்கொள்கிறேன், அதன் உட்புறத்தைத் திறந்து படித்திருக்கிறேன் என்பதால். புளூஸ் என்ற புளூடூத் தொகுப்பிடம் ஒரு கருவியைச் சேர்க்கச் சொன்னால், முடியாதபோது அது ஒரே விடையைத் தருவதில்லை. அடையாளச் சோதனை தவறியது, பயனர் கைவிட்டார், எதிர்ப்பக்கம் மறுத்தது, நேரம் கடந்துவிட்டது, கருவியை எட்டவே முடியவில்லை, ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்று தனித்தனிப் பெயரோடு பிழைகளை அனுப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எட்ட முடியவில்லை என்றால் கருவியை அருகில் கொண்டுவந்து அதன் பொத்தானை அழுத்த வேண்டும். நேரம் கடந்தது என்றால் மறுபடி நிதானமாகச் செய்தால் போதும். ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்பது தோல்வியே அல்ல. நான் பார்த்த பல திரைகளில் இந்த ஆறும் ஒரே வரிக்குள் போய் விழுகின்றன. பயனர் அந்த வரியைப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி அதே பொத்தானை அழுத்துகிறார். அதுவும் நிலைமையை மோசமாக்கும். சோதனை தவறிய கருவி அடுத்த முயற்சிக்குமுன் காத்திருக்க வேண்டும் என்றும், தவறத் தவற அந்த இடைவெளி பன்மடங்காகக் கூட வேண்டும் என்றும் புளூடூத் விதி சொல்கிறது. யாரோ எண்ணை ஊகித்து ஊகித்துப் பார்ப்பதைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. அவசரத்தில் பத்துத் தடவை அழுத்துகிற நல்ல மனிதரும் அதில் மாட்டிக்கொள்கிறார். கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று திரை ஒரு வார்த்தை சொல்லலாம்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. நேற்றுவரை வேலை செய்த கருவி இன்று சேர மறுப்பது.

ஒரு கல்லூரி மாணவர் ஹெட்போனோடு வந்தார். இரண்டு தடவை கடையில் மாற்றி வாங்கிவிட்டார், மூன்றாவதும் அதே கோளாறு. அவர் லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தன. பாடத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று. விண்டோஸில் சேர்த்தால் நன்றாகப் பாடுகிறது. லினக்ஸுக்குப் போய்ச் சேர்த்தால் அங்கேயும் பாடுகிறது. திரும்ப விண்டோஸுக்கு வந்தால் சேர மறுக்கிறது.

முதல்முறை சேரும்போது கணினியும் ஹெட்போனும் 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. அதன்பிறகு சந்திக்கும்போதெல்லாம் அந்தச் சாவி காற்றில் போவதில்லை. ஒருவர் ஓர் எண்ணை எடுத்து வீசுகிறார். மற்றவர் அதைத் தன் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்புகிறார். விடை பொருந்தினால் பழைய சிநேகிதன்தான். விண்டோஸும் லினக்ஸும் ஒரே புளூடூத் சில்லைப் பயன்படுத்துவதால் ஹெட்போனின் கண்ணுக்கு இரண்டும் ஒரே முகவரிதான். லினக்ஸில் புதிதாகச் சேர்த்த மறுகணம் அந்த முகவரிக்கு வைத்திருந்த பழைய சாவியை அது தூக்கிப்போட்டுவிடுகிறது. விண்டோஸோ இன்னும் பழையதையே கையில் வைத்துக்கொண்டு தட்டுகிறது.

இப்போது சில்லு என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரு பக்கமும் சாவி இருந்து, பொருந்தவில்லை என்றால் பதினாறடிமானக் கணக்கில் 05 என்ற பிழை எண் வரும். எதிர்ப்பக்கத்தில் சாவியே இல்லை என்றால் 06. ஹெட்போனை யாராவது முழுக்க அழித்து மீட்டமைத்திருந்தால் வருவது இரண்டாவது. கூப்பிட்ட குரலுக்குப் பதிலே இல்லை என்றால் 04. பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது பக்கத்து அறையில் இருக்கும் செல்போன் அதைப் பிடித்துவைத்திருக்கலாம். மூன்று எண்கள், மூன்று கதைகள். என் கடைக்கு வருகிறவர்கள் திரையில் பார்த்ததோ மூன்றுக்கும் ஒன்றுதான்: இணைக்க முடியவில்லை.

அந்த மாணவருக்கு இரண்டு இயங்குதளத்திலும் ஒரே சாவி இருக்கும்படி எடுத்து வைத்துக்கொடுத்தேன். லினக்ஸில் அது ரூட் மட்டும் திறக்கக்கூடிய ஒரு கோப்பில் இருக்கிறது. விண்டோஸில் ரெஜிஸ்ட்ரிக்குள் ஆழத்தில். அரைமணி நேர வேலை. அந்த வேலையை உங்கள் திரை செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. “இந்த ஹெட்போனிடம் உள்ள சாவி இந்தக் கணினியிடம் உள்ள சாவியோடு பொருந்தவில்லை. இதே கணினியில் வேறொரு இயங்குதளத்தில் இதைச் சேர்த்தீர்களா?” என்று கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை இரண்டு தடவை கடைவாசலில் போய் நின்றிருக்க மாட்டார்.

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு ஒரு யோசனை தோன்றும். சாவி பொருந்தவில்லை என்று தெரிந்தால் பழையதை நிரலே அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாமே, பயனரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாவியைத் தொலைத்துவிட்டேன், புதிதாகச் சேர்த்துக்கொள் என்று சொல்லி வருவது உங்கள் ஹெட்போனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே முகவரியைப் போட்டுக்கொண்டு வேறொருவரும் வரலாம். புளூஸில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது: எண் எதுவும் கேட்காத வகைக் கருவி தானாக மீண்டும் சேர முயன்றால் என்ன செய்வது என்பதற்கு, ஒருபோதும் விடாதே, கேட்டுவிட்டு விடு, எப்போதும் விடு என்று மூன்று நிலை. யாரும் தொடாதவரை அது முதல் நிலையில்தான் நிற்கும். 2023 டிசம்பரில் மார்க் நியூலின் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்ட குறைபாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு வரும் ஒரு கருவியைப் பயனரின் சம்மதமே இல்லாமல் சேர்க்கவைத்து, அந்தப் பயனரின் கணினியில் தட்டச்சு செய்ய முடியும் என்று நியூலின் காட்டினார். ஆண்ட்ராய்டு, லினக்ஸ், மேக், ஐஓஎஸ் எல்லாவற்றிலும் அதன் பாதிப்பு இருந்தது. லினக்ஸில் அதை அடைக்க, முறையாகச் சாவி மாற்றிச் சேராத கீபோர்டு, மவுஸ் வகைக் கருவிகளைத் தொடக்கத்திலேயே மறுக்கும்படி மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்குப் பிறகு சில பழைய கேம் கன்ட்ரோலர்கள் சேராமல் போயின. அவை சாவி வைத்துக்கொள்ளும் பழக்கமே இல்லாதவை. மாற்றம் நியாயமானது. ஆனால் நேற்றுவரை ஆடிய கன்ட்ரோலர் இன்று ஏன் சேரவில்லை என்பதைத் திரை சொல்லாததால், வாங்கிக்கொடுத்த அப்பா அதைப் பழுதென்று நினைத்து எடுத்துக்கொண்டு வருகிறார்.

ஆகவே நிரல் தானாக முடிவெடுக்கவும் கூடாது, வாயை மூடிக்கொள்ளவும் கூடாது. மனிதரிடம் கேட்க வேண்டும். “இந்தக் கருவியை நீங்கள் மீட்டமைத்தீர்களா? ஆம் என்றால் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாம். நீங்கள் எதுவும் செய்யவில்லை என்றால் வேண்டாம் என்பதை அழுத்துங்கள்.” இவ்வளவு எழுதினால் ஒரு பாட்டிக்கும் புரியும்.

வாக்கியம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். புளூடூத்தில் வாக்கியம் என்பது பாதுகாப்பின் ஒரு பாகம். 2007இல் வந்த 2.1 பதிப்பு வரைக்கும் நாம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் என்று அடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பதிப்பு கொண்டுவந்த புது முறையில், இரண்டு பக்கமும் திரை இருந்தால் ஆறு இலக்க எண் இரண்டிலும் தோன்றும். ஒன்றுதானா என்று பார்த்து ஆம் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் விசைகள் மட்டும் இருந்தால் இந்தப் பக்கம் காட்டும் எண்ணை அங்கே அடிக்க வேண்டும். நடுவில் ஒருவன் புகுந்து இரண்டு பக்கமும் நடித்தால், முதல் வகையில் எண்கள் ஒத்துப்போவதற்குப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். அந்தக் காவலில் நிற்பது பயனரின் கண். ஒப்பிட வேண்டிய எண்ணும் தட்டச்ச வேண்டிய எண்ணும் திரையில் ஒரே மாதிரி இருப்பதையே பிடித்துக்கொண்டு, ஒரு கருவியிடம் ஒப்பிடும் முறையிலும் இன்னொன்றிடம் தட்டச்சும் முறையிலும் பேசி நடுவில் நுழைய முடியும் என்று மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். “இந்த எண்ணை எங்கும் அடிக்க வேண்டாம், இரண்டு திரையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்” என்ற வரி இல்லாத உரையாடல் பெட்டி, ஒரு கதவைத் திறந்துவைத்த பெட்டி. தமிழாசிரியருக்கு நாலு நாள் போனதும் இந்த ஓட்டையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

எண் என்றதும் பூஜ்யத்தைச் சொல்லாமல் விட முடியாது. சேர்க்கை எண் எப்போதும் ஆறு இலக்கம். நிரலுக்குள் அது வெறும் முழு எண்ணாக வருகிறது. 047215 என்பது உள்ளே 47215. முன்னால் பூஜ்யம் சேர்த்து ஆறாக்கிக் காட்ட வேண்டும் என்று புளூஸின் ஆவணமே எச்சரிக்கிறது. ஆனாலும் ஒரு பழைய அமைப்புத் திரையில் ஐந்து இலக்கமாகக் காட்டுவதை நானே பார்த்தேன். வாடிக்கையாளர் ஐந்தை அடித்தார், தவறியது. மறுபடி முயன்றார், வேறு எண் வந்தது, சேர்ந்துவிட்டது. பூஜ்யத்தில் தொடங்குவது பத்தில் ஒன்றுதான் என்பதால் அந்தப் பிழை வருவதும் போவதுமாக இருந்தது. “சில சமயம் மக்கர் பண்ணும்” என்று சொல்லிப் பழகிக்கொண்டார்கள், யாரும் புகார் எழுதவில்லை. உங்கள் சோதனைகளில் பூஜ்யத்தில் தொடங்கும் எண் ஒன்றாவது இருக்கட்டும்.

பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார், வங்கியில் வேலை. திரைவாசிப்பான் துணையோடு கணினியில் என்னைவிட வேகமானவர். சேர்க்கை எண்ணை அவருடைய கணினி “நாலு லட்சத்து எண்பத்தோராயிரத்து இருநூற்று மூன்று” என்று ஒரே தொகையாக வாசித்தது. அதை மனதில் வாங்கி இலக்கமாகப் பிரித்து அடிப்பதற்குள் பெட்டி மறைந்துவிடுகிறது. திரைவாசிப்பானுக்கு மட்டும் இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கொடுத்தால் நாலு, எட்டு, ஒன்று, இரண்டு, பூஜ்யம், மூன்று என்று வாசிக்கும். ஒரு வரி நிரல். புளூடூத்தின் குறைமின் வகையில், ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போக 30 நொடிக்குமேல் ஆனால் சேர்க்கை தானாக முறிந்துவிடும். அந்த நேரத்தை நீங்கள் கூட்ட முடியாது. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சொல்ல முடியும். முறிந்தால், நேரம் போதவில்லை, உங்கள் தவறில்லை என்று சொல்ல முடியும். விசைப்பலகையில் எத்தனை இலக்கம் அடித்தாயிற்று என்பதைக்கூடச் சில கருவிகள் கணினிக்குத் தெரிவிக்கின்றன. அதை உங்கள் நிரலிடம் கொடுக்க வழியும் இருக்கிறது. எண்ணுக்குக் கீழே ஆறு புள்ளி வைத்து ஒவ்வொன்றாக நிரப்பிக் காட்டினால், ஆசிரியர் தாம் தட்டுவது எந்தக் கீபோர்டில் என்பதை முதல் தட்டிலேயே கண்டுகொண்டிருப்பார்.

தமிழாக்கம் செய்யும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை, நீங்களும் இந்தக் கடிதத்துக்கு உரியவர்கள்தான். முதல்முறை சாவி மாற்றிக்கொள்வதும் பிறகு தினமும் தொடர்பு கொள்வதும் இரண்டு வேறு காரியங்கள். பல மென்பொருள்களின் தமிழில் இரண்டுக்குமே ‘இணை’ என்றிருக்கிறது. “ஏற்கெனவே இணைத்த சாதனத்தை இணைக்க முடியவில்லை” என்ற வரியைப் படித்துவிட்டு ஒருவர் என்ன செய்வார்? கடையில் நான் இப்படிச் சொல்வேன்: அறிமுகம் ஒரு தடவைதான், சந்திப்பு தினமும். முதல் காரியத்துக்கு ‘ஜோடி சேர்’, இரண்டாவதுக்கு ‘இணை’ என்று பிரித்தாலே பாதிக் குழப்பம் தீரும். அதேபோல ‘அங்கீகாரம்’. பள்ளிக்கூடத்துக்கு அரசு தருவது அங்கீகாரம். அந்தச் சொல்லைத் திரையில் பார்த்த ஓர் அம்மா, “கவர்மென்ட் அப்ரூவல் இல்லாத மவுஸா இது?” என்று உண்மையான கவலையோடு கேட்டார். யார் என்று சரிபார்ப்பதற்கும் இதைச் செய்யலாம் என்று அனுமதிப்பதற்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், எது தவறியது என்பது தமிழில் படிப்பவருக்கு மட்டும் தெரியாமல் போகிறது. ‘அடையாளம் சரிபார்க்க முடியவில்லை’ என்று எழுதுங்கள். நீளம்தான், பரவாயில்லை.

அலை விஷயத்தில் ஒன்றே ஒன்று. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012இலேயே அறிக்கை வெளியிட்டது. புளூடூத் ஓடுவதும் அதே இடத்தில்தான். சிபியுவின் பின்பக்கம் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை ஒட்டிச் செருகிய குட்டி புளூடூத் டாங்கிளை ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டி மேசைமேல் வைத்ததும் குணமானவை என் கடையில் நிறைய. கருவியை எட்ட முடியவில்லை என்ற பிழை திரும்பத் திரும்ப வந்தால் இந்த யோசனையையும் திரையில் ஒரு வரி சேர்க்கலாம்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். கருவி செய்பவர்கள் விதியை மதிப்பதில்லை. ஒரே நிலைக்கு ஒரு ஹெட்போன் ஒரு பிழை எண்ணையும் இன்னொன்று வேறொன்றையும் அனுப்பும். காரணம் நிச்சயமாகத் தெரியாதபோது தவறான காரணம் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் பொதுவாக ஒரு வரி போட்டு நிறுத்துகிறீர்கள். அப்போதும் உங்களுக்கு எதுவரை தெரியுமோ அதுவரை சொல்லலாம். கருவி பதில் சொன்னதா, இல்லையா? முன்பு சேர்ந்தது உண்டா, இல்லையா? எந்தப் படிவரை போனது? அதற்குக் கீழே சிறிய எழுத்தில் அந்தப் பிழை எண்ணையும் போட்டு, நகலெடுக்க ஒரு பொத்தான் வையுங்கள். வாடிக்கையாளர் போனில் “06னு போட்டிருக்கு” என்று சொன்னால், அவரை ஊரிலிருந்து பஸ் ஏறி வரச் சொல்லாமலே நான் வழி சொல்லிவிடுவேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் மேசையில் இருப்பவை புதிய, நல்ல கருவிகளாக இருக்கும், அவை தவறுவதில்லை. தவறுகிறவை என் கடை அலமாரியில் இருக்கின்றன. கைவிட்டுப் போனவை, மாற்றிக்கொண்டு விட்டுவிட்டுப் போனவை என்று கீபோர்டு ஏழு, மவுஸ் நாலு, ஹெட்போன் ஒன்பது, கேம் கன்ட்ரோலர் இரண்டு. ஒவ்வொன்றிலும் அது எந்த இயங்குதளத்தில் எந்தப் படியில் தவறும் என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். சோதிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கேட்டால் பார்சல் செய்து அனுப்புகிறேன். தபால் செலவு என்னுடையது. வேலை முடிந்ததும் சீட்டைக் கிழிக்காமல் திருப்பி அனுப்பினால் போதும்.

அன்புடன்,
கணினி பழுதுபார்ப்பவன்,
திண்டுக்கல்